மூன்று பைகள், ஒரே பிஎச்: ஓடை நீரும் இலை தின்னும் பூஞ்சைகளும்

பினாங்கில் பணிபுரியும் ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியை அனுப்பிய கேள்வியின் சாரம் இது. மாணவர்கள் பள்ளி வளாகத்தில் உதிர்ந்த அங்சானா இலைகளைப் பொறுக்கி, வெங்காயப் பைகளில் கட்டி, மூன்று இடங்களில் போட்டிருக்கிறார்கள். முதல் பை தண்ணீர்மலைக்கு மேலே காட்டோடையில். இரண்டாவது, அதே நீர் வீடுகளையும் தோட்டங்களையும் கடந்து இறங்கிவரும் இடத்தில். மூன்றாவது, நகருக்குள் சிமெண்டுக் கால்வாயில். நான்கு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், முதல் பையில் இலை பழுப்பேறியிருக்கிறது, ஆனால் கையில் விறைப்பாக நிற்கிறது. இரண்டாவதில் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருக்கிறது. மூன்றாவதில் இலை கறுத்து நாறுகிறது, ஆனால் வடிவம் குலையவில்லை. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாள் மூன்று இடத்திலும் 6-க்கும் 7-க்கும் நடுவே காட்டியது. “இலையை மட்கச் செய்வது பூஞ்சை என்று பாடம் நடத்தினேன். தண்ணீர் ஒன்றுபோல இருக்கும்போது பூஞ்சை மட்டும் ஏன் இடத்துக்கு இடம் வேறாக நடந்துகொள்கிறது?” என்று கேட்கிறார்.

டீச்சர், தண்ணீர் ஒன்றுபோல இல்லை. தாளின் நிறம்தான் ஒன்றுபோல இருந்திருக்கிறது. பிஎச் 6-க்கும் 7-க்கும் இடையில் ஹைட்ரஜன் அயனியின் அளவு பத்து மடங்கு வேறுபடும். அந்தத் தாள் அதைக்கூடச் சரியாகப் பிரித்துக் காட்டாது. நைட்ரேட், பாஸ்பேட், கால்சியம், ஆக்சிஜன் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் மாணவர்கள் செய்த சோதனை உண்மையில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மூன்று பைகளும் மூன்று வேறு நீர்களைப் பற்றிய மூன்று சரியான விடைகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் முன், இலைக்குள் குடியிருப்பவர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ரொட்டியில் பூக்கும் பூசணமோ மழைக்குப் பின் முளைக்கும் காளானோ அல்ல இவை. 1942-இல் இங்கிலாந்தின் பூஞ்சை ஆய்வாளர் சி. டி. இங்கோல்ட், ஓடையில் அழுகிக் கிடந்த ஆல்டர் மர இலைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதுவரை பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒரு பூஞ்சைக் கூட்டத்தையே கண்டார். இலைக்குள் இழை இழையாக ஓடி, காம்பிலும் நரம்பிலும் புகுந்து, வெளியே தண்ணீருக்குள்ளேயே வித்துகளை உதிர்க்கும் வகை. அந்த வித்துகளின் வடிவம்தான் விசேஷம். பல இனங்களில் நான்கு கைகள் நான்கு திசையில் நீட்டியிருக்கும். நெருஞ்சி முள்ளைக் கீழே போட்டால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்குமே, அதே கணக்கு. ஓடும் நீரில் எந்தப் பக்கம் மோதினாலும் மூன்று கைநுனிகள் இலையைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். வேறு சில இனங்களின் வித்து பிறைநிலா போலவோ, வளைந்த நூல்போலவோ இருக்கும்.

இவற்றைப் பார்க்க இலையைக்கூடத் தேட வேண்டியதில்லை. அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் தேங்கும் நுரையை ஒரு கரண்டியில் அள்ளுங்கள். நுரைக்குமிழிகள் இந்த வித்துகளை வலைபோட்டுப் பிடித்து வைத்திருக்கும். ஒரு சொட்டு, அதில் துளி நீலச்சாயம், பள்ளி நுண்ணோக்கியே போதும். நான் முதன்முதலில் பார்த்தபோது கண்ணாடித்தகட்டில் யாரோ நட்சத்திரங்களைக் கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அன்று ஒரு தவறும் செய்தேன். மிச்ச நுரையைப் புட்டியில் வைத்து மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் நட்சத்திரங்கள் எல்லாம் முளைவிட்டு நூல்கண்டாகக் கிடந்தன. இவை சில மணி நேரத்தில் முளைத்துவிடும்; அன்றே பார்த்துவிட வேண்டும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். மலேசிய ஓடைகளில் கிடந்த இலைகளிலிருந்து நவாவி, குத்புத்தீன் என்ற ஆய்வாளர்கள் பல புதிய இனங்களைக் கண்டறிந்து விவரித்திருக்கிறார்கள். ‘நவாவியா’ என்று ஒரு பூஞ்சைப் பேரினமே இருக்கிறது. ‘பிராக்கியோஸ்பேரா டிராபிகாலிஸ்’ என்ற இனத்துக்குப் பெயரிட்டவரும் நவாவிதான்: நடுவில் ஓர் உருண்டை, அதிலிருந்து பிரியும் கைகள்.

இனி பூஞ்சை எப்படிச் சாப்பிடுகிறது என்பதற்கு வருவோம். இங்கேதான் உங்கள் கேள்விக்கான சாவி இருக்கிறது. காய்ந்த இலை நூறு கிராம் எடுத்தால் அதில் கரிமம் நாற்பது ஐம்பது கிராம் இருக்கும். நைட்ரஜன் ஒன்றிரண்டு கிராம்தான், பாஸ்பரஸ் அதைவிடவும் சொற்பம். மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்பே நல்லதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டுவிடுகிறது. ஆனால் பூஞ்சை தன் உடலைக் கட்டப் பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் நைட்ரஜன் வேண்டும். இலையில் அது கிடைக்காது. எங்கிருந்து வரும்? சுற்றி ஓடும் தண்ணீரிலிருந்து வரும்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க, சோற்றின்மேல் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் போதும். இலை என்பது வெறும் சோறு. குழம்பு தண்ணீரில் வருகிறது. வெறும் சோற்றை எவ்வளவு நேரம் தின்ன முடியும்?

இது உவமை மட்டும் அல்ல, அளந்து பார்த்த விஷயம். 1971-இல் கௌஷிக், ஹைன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஓடையில் விழுந்த இலைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இலை மட்க மட்க அதன் எடை குறைகிறது; ஆனால் அதிலுள்ள நைட்ரஜனின் விகிதம் ஏறுகிறது. அழுகும் பொருளில் சத்து கூடுவது முதலில் கேட்கும்போது விந்தையாகத்தான் இருக்கும். பூஞ்சை நீரிலிருந்து நைட்ரஜனை இழுத்துத் தன் உடலாக்கி இலைக்குள் சேர்த்துவைப்பதுதான் காரணம். நன்றாகப் பூஞ்சை பிடித்த இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை, சில நேரம் அதற்கும் மேல், பூஞ்சையாகவே இருக்கும். இலையைக் கடிக்கும் ஓடைப் பூச்சிகள் புதிதாக விழுந்த இலையை விட்டுவிட்டுப் பூஞ்சை பிடித்த இலையைத் தேடிப் போவதற்கும் இதுவே காரணம்.

இப்போது முதல் பை. பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. கொடிமலையிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் இறங்கும் நீர் கருங்கல்லிலும் காட்டு மண்ணிலும் ஊறி வருவது. கருங்கல் எளிதில் கரையாது. அதனால் நீரில் கால்சியம் குறைவு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைவு. மின்கடத்துதிறன் அளக்கும் கருவியை (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும்) அதில் வைத்தால் எண் பொதுவாகச் சில பத்துகளில்தான் நிற்கும். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஓடைகளிலோ பத்துமலை அடிவாரத்திலோ அதே கருவி சில நூறுகளைக் காட்டும். ஆக, முதல் பைக்குச் சோறு இருந்தது, குழம்பு துளித்துளியாக வந்தது. இலை நான்கு வாரத்துக்குப் பிறகும் விறைப்பாக இருந்ததில் வியப்பில்லை. மேலே நீர் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்திருக்கும். அதுவும் வேகத்தைக் குறைத்திருக்கும்.

மெதுவாக மட்கியதால் அந்த ஓடை நோஞ்சான் என்று மாணவர்கள் எழுதிவிட வேண்டாம். அப்படி எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். பல நாட்டு ஓடைகளை ஒப்பிட்டதில், பிஎச் 5-க்கும் 7-க்கும் இடைப்பட்ட மென்னீரில்தான் இந்தப் பூஞ்சை இனங்கள் அதிகமாகக் கிடைத்திருக்கின்றன. 1981-இல் பேர்லோக்கர், ரோசே என்ற ஆய்வாளர்கள் ஜெர்மனியின் கருங்காட்டு ஓடைகளையும் சுவிட்சர்லாந்தின் யூரா மலை ஓடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முன்னது மென்னீர், பின்னது சுண்ணாம்பு கரைந்த கடினநீர். இனவளம் கூடுதலாக இருந்தது மென்னீரில். இனம் அதிகம், வேகம் குறைவு: இரண்டும் ஒரே ஓடையில் இருக்கலாம். ஆள் கூட்டம் வேறு, வேலை முடிவது வேறு என்பது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிய யாருக்கும் தெரியும்.

இரண்டாவது பையில் நடந்தது இதற்கு நேர் எதிர். வீடுகளைக் கடந்து வரும் நீரில் கழிவின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் கலந்துவிடுகின்றன. தோட்டங்களுக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து இறங்குகிறது. நாசி கண்டார் கடையில் ‘குவா பாஞ்சிர்’ என்று சொல்லி வாங்குவோமே, சோறு தெரியாமல் குழம்பை ஊற்றித் தருவார்களே, அதுதான். 1995-இல் சுபர்க்ராப், ஷோவே என்ற ஆய்வாளர்கள் ஒரே மரத்தின் இலைகளைப் பல ஓடைகளில் போட்டுப் பார்த்தபோது, ஓடைக்கு ஓடை மட்கும் வேகம் பெரிதும் வேறுபட்டது. அதில் நீரின் நைட்ரேட்டுக்குப் பெரும்பங்கு இருந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கவீட்டா காட்டில் இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். காட்டோடைகளிலேயே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தொடர்ந்து சொட்டுச்சொட்டாக விட்டார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, காட்டிலிருந்து விழுந்த இலைக்கரிமம் ஓடையில் தங்கும் காலம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வேகம் என்றால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அடுத்த இலையுதிர்வு வரைக்கும் ஓடை உயிர்கள் வைத்துச் சாப்பிட வேண்டிய சாப்பாடு அது. மாதச் சம்பளத்தைப் பத்தாம் தேதிக்குள் செலவழித்துவிட்ட வீடு மாதிரி.

குழம்பைத் தவிர இன்னொன்றும் அங்கே சேர்ந்திருக்கலாம். அதை நான் நீண்ட நாள் கவனிக்காமல் இருந்தேன்: சிமெண்டு. மலையிலிருந்து மென்னீராக இறங்கும் ஓடை, கட்டடங்களையும் கான்கிரீட் வடிகால்களையும் தொட்டு ஓடும்போது சிமெண்டிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொள்கிறது. கருங்கல் மலையின் நீர் நகரத்துக்குள் வந்ததும் கொஞ்சம் சுண்ணாம்பு ஓடையாக வேடம் போடுகிறது. பூஞ்சைக்கு இதனால் என்ன? இலையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். ஜாமைக் கட்டியாக்குவதும் அதே பெக்டின்தான். இதை வெட்டும் நொதிகள் இரண்டு வகை. ஒன்று அமில நீரில் நன்றாக வேலை செய்யும். மற்றொன்று காரப்பக்கம் சாய்ந்த, கால்சியம் உள்ள நீரில்தான் முழு வேகத்தில் வெட்டும். ஓடைப் பூஞ்சைகள் இலையைக் குழைய வைப்பதற்கு முக்கியமாக நம்பியிருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். பசை விட்டதும் இலையின் சதை வழன்று போகும், நரம்பு நிற்கும். உங்கள் மாணவர்கள் கையில் எடுத்தது அந்த நரம்பு வலை. இனவளம் குறைந்த கடினநீர் ஓடையில் இலை வேகமாகக் கரைவதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெங்காயப் பையின் கண் பெரியது. நத்தை, சிறு இறால், இலை கடிக்கும் பூச்சிகள் எல்லாம் உள்ளே போய்வர முடியும். இரண்டாவது பையின் நரம்பு வலையில் எவ்வளவு பூஞ்சையின் வேலை, எவ்வளவு நத்தையின் வேலை என்று இந்த ஒரு பையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அடுத்த முறை அதே இடத்தில் கொசுவலைத் துணியிலும் ஒரு பை தைத்துப் போடுங்கள். அதற்குள் பெரும்பாலும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் நுழையும். இரண்டு பைகளின் எடை வித்தியாசம்தான் ஏறக்குறைய பிராணிகளின் பங்கு.

மூன்றாவது பை எனக்கு மிகவும் பிடித்தது, நாற்றத்தைத் தவிர. குழம்பு அதிகமானால் வேகம் அதிகம் என்றால், கால்வாயில் இலை முதலில் மறைந்திருக்க வேண்டும். அங்கே கிடப்பது குழம்பு வெள்ளம். ஆனால் இலை அப்படியே இருந்தது. 2012-இல் ஐரோப்பா முழுவதும் 100 ஓடைகளில் இதே கேள்வியைக் கேட்டார்கள். சத்து மிகக் குறைந்த ஓடைகளில் இலை மெதுவாக மட்கியது. நடுத்தரமான ஓடைகளில் வேகமாக மட்கியது. சத்து மிக அதிகமான, மாசுபட்ட ஓடைகளில் மறுபடியும் வேகம் குறைந்தது. வரைபடத்தில் போட்டால் ஒட்டகத்தின் திமில் மாதிரி. உங்கள் மாணவர்கள் மூன்று பைகளை வைத்து அந்தத் திமிலின் ஏற்றம், உச்சி, இறக்கம் மூன்றையும் தொட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இறக்கம் எதனால்? முதல் காரணம் ஆக்சிஜன். பூஞ்சை மூச்சுவிடும் உயிர். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நம் ஊர்க் கால்வாயின் 28 டிகிரியில் 7.8 தான் கரையும். அந்தக் கொஞ்சத்தையும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுத்துச் சல்பைடை வெளிவிடும். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. வாயுவாகப் பறந்தால் அழுகிய முட்டை நாற்றம். உங்கள் பையின் நிறத்துக்கும் வாடைக்கும் இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. பாக்டீரியா இலையின் மேற்பரப்பை நக்கும். பூஞ்சை இழைபோல அதனால் உள்ளே துளைத்துப் போக முடியாது. அதனால்தான் இலை நாறியும் குலையவில்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும், இலையின்மேல் படியும் சேறும் மிச்சத்தைக் கெடுக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நஞ்சு பட்டதும் பூஞ்சை உடனே சாவதில்லை. முதலில் பிள்ளை பெறுவதை நிறுத்துகிறது. துத்தநாகமோ தாமிரமோ காட்மியமோ கலந்த நீரில் இழை ஓரளவு வளர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் வித்து உதிர்வது சட்டென்று விழும். வித்துதான் முதலில் பேசும் சாட்சி. இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன் கைப்பட அறிந்தேன். மீன்தொட்டிப் பம்பு வைத்துக் குமிழிவிட்ட குவளைகளில் ஓடை இலைத்துண்டுகளைப் போட்டு இரண்டு நாள் ஊறவைப்போம், வித்துகள் நீரில் உதிரும், வடிகட்டி எண்ணுவோம். ஒருமுறை ஓடை நீர் தீர்ந்துபோய், சோம்பேறித்தனத்தில் குழாய் நீரை ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து வடிதாளில் ஒன்றுமே இல்லை. இலை அதே இலை, பூஞ்சை அதே பூஞ்சை. மறுநாள் மலையேறி நீர் கொண்டுவந்து மாற்றினேன். அடுத்த இரண்டு நாளில் எண்ண முடியாத அளவு கொட்டின. குழாய் நீரின் குளோரின் நமக்குப் பாதுகாப்பு, வித்துக்கு எமன்.

மறுபக்கம், சில இனங்களின் பிடிவாதமும் அசாத்தியமானது. நடு ஜெர்மனியின் மான்ஸ்ஃபெல்ட் பகுதியில் பழைய தாமிரச் சுரங்கங்களைத் தொட்டு ஓடும் ஓடைகளில் கன உலோகங்கள் ஏராளம். அங்கே ஆய்வு செய்தவர்களில் மங்களூரின் ஸ்ரீதரும் ஒருவர். அங்கேயும் இலையில் பூஞ்சைகள் இருந்தன. வகை குறைவு, வேகம் குறைவு, ஆனால் இருந்தன.

பிஎச் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மூன்று இடங்களில் அது கதாநாயகன் இல்லை, அவ்வளவுதான். அமில மழை பெய்த ஐரோப்பிய மலைகளில் அதுதான் கதாநாயகன். நீர் அமிலமாகும்போது மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வருகிறது. பூஞ்சை இனங்கள் குறைகின்றன, பெக்டினை வெட்டும் நொதி தளர்கிறது, இலை தேங்குகிறது. மழைநீர் இயல்பாகவே 5.6 அளவில் சற்று அமிலம். காற்றின் கரியமில வாயு கரைவதால் அப்படி. சுண்ணாம்பு நிலத்தில் அது தரையைத் தொட்டதும் சமனாகிவிடும். கருங்கல் நிலத்தில் சமனாக்க ஆளில்லை. அதனால் உங்கள் முதல் இடத்தின் பிஎச் மழை பெய்த மாலையில் ஒன்று, வெயில் காய்ந்த மூன்றாம் நாள் ஒன்று என்று மாறும். ஒருமுறை தாளை நனைத்து எழுதிய எண்ணை நான் நம்ப மாட்டேன்.

நம் பக்கத்தில் உண்மையான அமில நீர் பார்க்க வேண்டுமானால் வட சிலாங்கூரின் சதுப்புக் காட்டுக்குப் போக வேண்டும். தேநீர் நிறத்தில், பிஎச் 4-க்கும் கீழே இறங்கும் நீர். அங்கே இலை மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து சதுப்பு நிலக்கரியாகவே ஆகிறது. அமிலம்தான் காரணம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேத்தரின் யூலும் அவருடன் ஆய்வு செய்தவரும் 2009-இல் வெளியிட்ட சோதனை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டியது. அந்தச் சதுப்பு மரத்தின் தடித்த இலை ஏறக்குறைய அப்படியே கிடக்க, அதே நீரில் போட்ட மகாங் மரத்து இலை மட்கிப்போனது. நீரின் கையும் உண்டு. இலை தனக்குத் தானே போட்டுக்கொண்ட கவசமும் உண்டு. (நம் பினாங்கின் ஆயர் ஈத்தாம் என்ற ஊர்ப் பெயருக்கே ‘கறுப்பு நீர்’ என்றுதான் பொருள். இன்றைய கறுப்புக்குக் காரணம் வேறாக இருந்தால் அதற்குப் பெயர் வைத்தவர்கள் பொறுப்பல்ல.) நீங்கள் எடுத்த அங்சானா அவரை இனத்து மரம், இலை மெல்லியது, நைட்ரஜனும் சற்று அதிகம். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை எடுத்திருந்தால் மூன்று பைகளுமே மெதுவாக நகர்ந்திருக்கும், வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது. தெரிந்தோ தெரியாமலோ நல்ல இலையைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

அடுத்த சுற்றுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வளர்ப்புமீன் கடையில் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், கடினத்தன்மை நான்குக்கும் சொட்டுவிட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கும். பள்ளிக்கு அது போதும். கடத்துதிறன் பேனா ஒன்று வாங்கிவிடுங்கள், பிஎச் தாளைவிடப் பத்து மடங்கு பயன். ஆக்சிஜன் அளக்கும் கருவி விலை அதிகம். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டால் ஒரு நாளுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பைக்குப் பதில் நான்கு பைகள் போட்டு, வாரம் ஒன்றாக எடுத்து, கழுவி, காயவைத்து, எடை போடுங்கள். நான்காவது வாரத்தில் மட்டும் பார்த்தால் படத்தின் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்த மாதிரி. பெருமழைக்கு அடுத்த நாள் நுரை அள்ளப் போகாதீர்கள், மண்தான் கிடைக்கும்.

கால்வாய்ப் பையை மாணவர்கள் வெறுங்கையால் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அப்படிப்பட்ட நீரில் இருக்கலாம். கையில் சிறு கீறல் இருந்தாலே போதும் அதற்கு. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போட்டு நீங்களே எடுங்கள். அந்தக் கறுத்த இலையை நன்றாக அலசி, ஒரு துண்டு வெட்டி, ஓடை நீரில் குமிழிவிட்டு இரண்டு நாள் வையுங்கள். சல்பைடு நாற்றத்துக்கு நடுவே நான்கு கை வித்து ஒன்றாவது உதிர்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.